தடுப்பூசிக்குப் பிறகு தீராத தோள்வலி: இழப்பீடு கிடைக்குமா?

கேள்வி: நியூ ஜெர்சியில் வசிக்கிறேன். பதினொரு மாதங்களுக்கு முன் ஒரு பார்மசியில் ஃப்ளூ தடுப்பூசி போட்டுக்கொண்டேன். அன்றிரவே இடது தோளில் கடும் வலி. தானாகப் போய்விடும் என்று நான்கு மாதம் பொறுத்திருந்துதான் மருத்துவரிடம் போனேன். இன்றும் கையைத் தூக்கித் தலைவார முடியவில்லை. பார்மசி மீது வழக்குப் போடலாமா? வக்கீலுக்குக் கொடுக்கப் பணம் இல்லை.

பதில்: நேரடியாகப் பார்மசி மீது வழக்குப் போட முடியாது. அமெரிக்காவில் ஃப்ளூ தடுப்பூசிப் பாதிப்புக்கு முதலில் போக வேண்டிய இடம், 1986ஆம் ஆண்டுச் சட்டத்தால் உருவான தேசியத் தடுப்பூசிப் பாதிப்பு இழப்பீட்டுத் திட்டம். மனுவை வாஷிங்டனில் உள்ள கூட்டரசு உரிமைகோரல் நீதிமன்றத்தில் (Court of Federal Claims) தாக்கல் செய்ய வேண்டும். ஊசி போட்டவர் தவறு செய்தார் என்று நிரூபிக்கத் தேவையில்லை என்பது பெரிய ஆறுதல்.

ஊசியைத் தோளில் அதிக உயரத்தில் குத்தினால், மருந்து தசைக்குப் பதிலாக மூட்டை ஒட்டிய திரவப் பையில் இறங்கி அழற்சியை உண்டாக்கலாம். இதை ‘சிர்வா’ என்கிறார்கள். 2017 மார்ச்சில் இது திட்டத்தின் அட்டவணையில், அதாவது நிபந்தனைகள் பொருந்தினால் தடுப்பூசியால் வந்ததாகவே கருதப்படும் பாதிப்புகளின் பட்டியலில், சேர்ந்தது. அந்த நிபந்தனைகள் இவை. அந்தத் தோளில் முன்பே வலி இருந்திருக்கக் கூடாது. ஊசி போட்ட 48 மணி நேரத்துக்குள் வலி தொடங்கியிருக்க வேண்டும். வலியும் அசைவுக் குறைவும் அந்தத் தோளோடு நிற்க வேண்டும். கழுத்து நரம்புக் கோளாறு போன்ற வேறு காரணம் இருக்கக் கூடாது. பாதிப்பு ஆறு மாதத்துக்கு மேல் நீடித்திருக்க வேண்டும் என்பதை நீங்கள் ஏற்கெனவே தாண்டிவிட்டீர்கள்.

உங்கள் மனுவில் சிக்கல் வரக்கூடிய இடம் அந்த நான்கு மாதம். வலி உண்மையில் 48 மணி நேரத்துக்குள் தொடங்கியதா என்று கேட்டு, அரசுத் தரப்பு வக்கீல் முதலில் அதைத்தான் பிடிப்பார். ஆகவே முதல் மருத்துவக் குறிப்பின் நகலை வாங்கிப் பாருங்கள். “ஊசி போட்ட நாளிலிருந்து வலி” என்று எழுதியிருந்தால் பெரிய பலம். “சில வாரங்களாக வலி” என்றிருந்தாலும் மனம் தளர வேண்டாம். வலி தொடங்கிய நாள் குறிப்பில் இல்லாவிட்டாலும் மற்ற சான்றுகளைப் பார்த்து அதை முடிவு செய்ய சட்டம் இடம் தருகிறது. அந்த வாரம் நீங்கள் அனுப்பிய வாட்ஸ்அப் செய்திகள், உடனிருந்தவரின் வாக்குமூலம் எல்லாம் இங்கே உதவும். பார்மசியிலிருந்து ஊசிப் பதிவையும் கேட்டு வாங்குங்கள். எந்தக் கை என்ற இடத்தில் சில சமயம் தவறாகப் பதிந்திருக்கும். அப்புறம், பிசியோதெரபியை விட்டுவிட்டிருந்தால் மறுபடி தொடங்குங்கள். வழக்குக்காக அல்ல, உங்கள் தோளுக்காகச் சொல்கிறேன்.

வக்கீல் செலவு பற்றிக் கவலை வேண்டாம். நியாயமான அடிப்படையோடு நல்லெண்ணத்தில் தாக்கல் செய்த மனு தோற்றாலும் கட்டணத்தைத் திட்டமே கொடுக்கும். உங்கள் இழப்பீட்டிலிருந்து வக்கீல் பங்கு கேட்கக் கூடாது. அந்த நீதிமன்றத்தில் வாதாட அனுமதி பெற்றவரா என்று மட்டும் பாருங்கள். வலி, வேதனைக்கான உச்சவரம்பு 2,50,000 டாலர். மருத்துவச் செலவும் வருமான இழப்பும் தனி.

கெடு மூன்று ஆண்டு. முதல் வலி வந்த நாளிலிருந்து எண்ணுவார்கள், நோய் கண்டறிந்த நாளிலிருந்து அல்ல. ஒரே ஒரு அவசரம்: அன்றே அதே கையில் கோவிட் தடுப்பூசியும் போட்டீர்களா? அது இந்தத் திட்டத்தில் வராது. அதற்குரிய வேறு திட்டத்தில் ஊசி போட்ட நாளிலிருந்து ஓராண்டுதான் கெடு. அப்படியானால் உங்களுக்கு மிச்சம் ஒரு மாதமே. இந்த வாரமே வக்கீலிடம் பேசுங்கள்.