காரைக்குடியில் தேக்குக் கட்டில் வாங்கப் போகிறேன். மரம் நல்லதுதானா என்று எப்படிக் கண்டுபிடிப்பது?

"பர்மா தேக்கு என்று பில்லிலேயே எழுதித் தருகிறார்கள்" என்று கேள்வியில் சொல்லியிருக்கிறீர்கள். அந்த வரியைப் படித்ததும் எனக்கு வயிறு எரிந்தது. எனக்கும் எழுதித்தான் கொடுத்தார்கள். கல்யாணச் சீருக்குத்தான் வாங்குகிறீர்கள் என்று நினைக்கிறேன்.

நான் செட்டிநாட்டுப் பள்ளத்தூர்க்காரன். என் ஐயா ரங்கூனில் கடை வைத்திருந்து, 1942-இல் ஜப்பான்காரன் உள்ளே வந்தபோது போட்டது போட்டபடி ஓடி வந்தவர். தேக்குத் தூணில் சாய்ந்து வளர்ந்தவனுக்குத் தேக்கைப் பற்றி யார் பாடம் எடுப்பது என்ற திமிர் எனக்கு. மகள் கல்யாணத்துக்குக் கட்டில் எடுக்கப் போனவன், தலைமாட்டுப் பலகையைத் தடவிப் பார்த்து, தூக்க முடியாத கனத்தைப் பார்த்து, பேரம்கூடப் பேசாமல் பணத்தை எண்ணி வைத்தேன்.

நான்காம் மாதம் கட்டிலடியில் கோதுமை மாவு போல மெல்லிய தூள். பெருக்கினால் மறுநாளும் கிடக்கிறது. எங்கள் ஊர் ஆசாரியைக் கூப்பிட்டேன். அவர் பேசாமல் கட்டிலைக் கவிழ்த்துப் போட்டு, சட்டத்தின் அடியில் உளியால் ஒரு சீவல் எடுத்தார். மேலே காப்பி நிறம், உள்ளே வெளேரென்றிருந்தது. குண்டூசி நுழையும் அளவுக்கு ஓட்டைகள் வேறு.

"செட்டியாரே, படுக்கிற பக்கத்தைப் பார்த்து வாங்கியிருக்கிறீர்கள்" என்றார்.

கால்கள் நான்கும் தேக்குதான். சட்டங்களோ வைரத்துக்கு, அதாவது மரத்தின் நடுவில் இருக்கும் கெட்டியான கருத்த பகுதிக்கு, வெளியே இருக்கிற வெளிர் மரம், சாயம் பூசியிருந்தார்கள். மாவுச்சத்து அந்தப் பகுதியில்தான் இருக்கும், வண்டு அதைத்தான் தின்னும். தேக்கின் வைரத்தில் எண்ணெய்ப் பசை உண்டு, அதன் பக்கம் வண்டு போகாது. தலைமாட்டுப் பலகை பிளைவுட், மேலே காகிதக் கனத்தில் தேக்கு ஒட்டியது. மேலே ஓடும் ரேகை ஓரத்தில் மடங்கித் தொடர்கிறதா என்று பார்த்திருந்தால் கடையிலேயே தெரிந்திருக்கும். ஒட்டுப் பலகையில் அது ஓரத்தோடு நின்றுவிடும்.

கனத்தை நம்பியதும் என் முட்டாள்தனம். தேக்கு ஒரு கன மீட்டர் சுமார் 650 கிலோதான். கருவேலமரம் அதைவிடக் கனம்.

ஆகவே கட்டிலைக் கவிழ்க்கச் சொல்லுங்கள். பாலிஷ் படாத இடத்தில் ஒரு சீவல் எடுக்கச் சொல்லி முகர்ந்து பாருங்கள். பழைய தோல் போல ஒரு வாடை வர வேண்டும். மூட்டுகளில் கழுந்து செதுக்கித் துளையில் இறக்கியிருக்கிறார்களா, வெறும் ஆணியா, இடுக்கில் மரத்தூளும் பசையும் அப்பியிருக்கிறதா என்று விளக்கடித்துப் பாருங்கள். கவிழ்க்க மறுத்தால் கிளம்பிவிடுங்கள். பர்மா மரமா, கேரளத்து நிலம்பூர் மரமா என்பதில் மண்டையை உடைத்துக்கொள்ள வேண்டாம். நல்ல வைரமாக இருந்தால் போதும்.

காரைக்குடிக் கடைக்காரர்கள் எல்லாரும் ஏமாற்றுக்காரர்கள் என்று நான் சொன்னதாக யாரும் சண்டைக்கு வர வேண்டாம். என் மருமகன் மேசை வாங்கியதும் காரைக்குடியில்தான், கல் மாதிரி நிற்கிறது. "இரும்புக் கட்டில் வாங்கியிருக்கலாமே" என்பவர்கள் என் சம்பந்தி வீட்டு ஆச்சியிடம் போய்ச் சொல்லிப் பாருங்கள்.

உண்மையில் நான் கடைக்கே போயிருக்க வேண்டியதில்லை. பூர்வீக வீட்டின் இரண்டாம் கட்டுப் பகுதியில் ஓடு சரிந்து, அசல் தேக்கு உத்திரங்கள் சும்மா கிடந்தன. இரண்டு எடுத்துக்கொள்கிறேன் என்றதற்கு, 14 புள்ளியும், அதாவது வீட்டில் பங்குள்ள 14 குடும்பமும், கூடிப் பேச வேண்டும் என்றார்கள் பங்காளிகள். இன்றுவரை கூடவில்லை. உத்திரம் மழையில் இத்துப்போனது. ஊஞ்சல் பலகையை விற்றபோது மட்டும், பங்கு கேட்டு கோலாலம்பூரிலிருந்துகூட போன் வந்தது. வெள்ளையடிக்க ஆளுக்கு ஐயாயிரம் கேட்டபோது ஒருவர் போனும் எடுக்கவில்லை.

கட்டிலுக்கு ஆசாரி வேறு சட்டம் போட்டுக் கொடுத்தார். மகள் அதை மாடி அறையில் போட்டிருக்கிறாள். நான் போனால் எனக்கு அந்த அறைதான்.