கருவாடு காயாத நாளில் வியர்வையும் காயாது

கேள்வி: எனக்கு 48 வயது. மண்டபம் பக்கம் ஒரு கடற்கரை ஊர். கருவாடு காயப்போட்டு விற்கிறேன். தீட்டு நின்று எட்டு மாதமாகிறது. சில மாதமாகவே திடீர் திடீரென்று நெஞ்சிலிருந்து முகம்வரை தீயாகச் சூடு ஏறுகிறது. வியர்த்துக் கொட்டி, அப்புறம் குளிர்கிறது. ராத்திரியில் மூன்று நான்கு தடவை எழுந்து உட்காருகிறேன். தவணையில் ஏர் கூலர் வாங்கினோம், புழுக்கம்தான் கூடியது. "எல்லாருக்கும் வருவதுதானே, இதையெல்லாம் வெளியில் சொல்வார்களா" என்கிறார் மாமியார். வீட்டுக்காரரிடம் சொல்லவும் கூச்சமாக இருக்கிறது. இந்தக் கத்திரியை எப்படித் தாண்டுவேன்?

பதில்: அன்புச் சகோதரி, நீங்கள் எழுதியது நல்லது. எனக்கு 47 வயதில் இதே சூடு வந்தபோது ஒரு மருத்துவரிடம் போனேன். "வயசானா அப்படித்தாம்மா" என்று சொல்லிவிட்டு அடுத்தவரைக் கூப்பிட்டார். அதற்குப் பிறகு ஒரு வருடம் யாரிடமும் வாய் திறக்கவில்லை. அந்த ஒரு வருடம் நான் இழந்த தூக்கத்தை நினைத்தால் இன்றைக்கும் மனசு வலிக்கிறது. நீங்கள் அப்படி இருக்க வேண்டாம்.

டாக்டர்கள் இதை 'ஹாட் ஃப்ளாஷ்' என்பார்கள். உடம்பின் வெப்பத்தைக் கண்காணிக்கும் இடம் மூளையில் இருக்கிறது. தீட்டு நிற்கும் வயதில் ஈஸ்ட்ரோஜன் என்ற பெண் ஹார்மோன் குறையும்போது அந்த இடம் தொட்டாற்சிணுங்கி ஆகிவிடுகிறது. அடுப்படியில் ஐந்து நிமிடம் நின்றாலோ, கொதிக்கக் கொதிக்க டீ குடித்தாலோ, வீட்டில் ஒரு சண்டை வந்தாலோ போதும். உடம்பே எரிவதாக நினைத்துக்கொண்டு ரத்தத்தைத் தோலுக்குத் திருப்பி வியர்வையைக் கொட்டவைக்கும். பெரும்பாலும் சில நிமிடங்களில் அடங்கிவிடும். சிலருக்கு ஓரிரு வருடத்தில் நின்றுவிடும், பலருக்கு ஏழு வருடம்வரை கூட நீளும். அதனால்தான் பொறுத்துக்கொள் என்று சொல்வதை என்னால் ஏற்க முடியவில்லை.

இப்போது உங்கள் கரைக்கு வருவோம். மதுரையில் 40 டிகிரி அடிக்கிற நாளிலும் உங்கள் பக்கம் அதைவிடக் குறைவாகத்தான் இருக்கும். ஆனாலும் உடம்பு அங்கேதான் அதிகம் தவிக்கிறது. காரணம் உங்களுக்கே தெரியும். காற்றில்லாத புழுக்கமான நாளில் கருவாடு காயுமா? எவ்வளவு வெயில் அடித்தாலும் பிசுபிசுவென்றுதானே கிடக்கும்? வியர்வையும் அப்படித்தான். வியர்ப்பதால் உடம்பு குளிர்வதில்லை, அந்த வியர்வை காய்ந்தால்தான் குளிரும். கடல்காற்றின் ஈரத்தில் அது காயாமல் வழிந்தே வீணாகிறது.

கூலர் ஏமாற்றியதும் இதனால்தான். தண்ணீரை ஆவியாக்கித்தான் அது காற்றைக் குளிரவைக்கிறது. வறண்ட ஊருக்கு அது சரி. ஏற்கெனவே ஈரம் நிறைந்த காற்றில், ஜன்னலையும் சாத்திக்கொண்டு ஓட்டினால் அறை வெந்நீர் போட்ட குளியலறை மாதிரி ஆகிவிடும். தண்ணீர் ஊற்றாமல் வெறும் காற்றாடியாக ஓட்டுங்கள், எதிரெதிர் ஜன்னல்களைத் திறந்து வையுங்கள். தவணைக் காசு முழுக்க வீணாகாது.

ராத்திரிக்கு நான் கண்ட வழி இது. படுக்கப் போகுமுன் பத்து நிமிடம் பாதம் இரண்டையும் ஒரு வாளித் தண்ணீரில் வைத்திருங்கள். நைலான் நைட்டி வேண்டவே வேண்டாம், பழைய பருத்திச் சேலையைப் போல எதுவும் வராது. மெத்தையை விட்டுக் கோரைப்பாயில் படுங்கள். தலைமாட்டில் மண்பானைத் தண்ணீரும் ஒரு துண்டும் இருக்கட்டும். சூடு ஏறுவது தெரிந்தவுடனே துண்டை நனைத்துப் பிழிந்து பிடரி, கைமணிக்கட்டு, முகம் என்று துடைத்துவிட்டு, காற்றாடிக்கு நேராக உட்காருங்கள். துடைத்தால் மட்டும் போதாது, காற்றும் படவேண்டும். அது அடங்கும்வரை மூச்சை மெதுவாக இழுத்து விடுங்கள். சூட்டை அது நிறுத்தாவிட்டாலும் படபடப்பு குறையும்.

பகலில் காயப்போடுவது, திருப்பிப்போடுவது எல்லாவற்றையும் காலை பத்து மணிக்குள்ளும் மாலை நான்குக்குப் பிறகும் வைத்துக்கொள்ளப் பாருங்கள். இன்னொன்றை வெளிப்படையாகவே கேட்கிறேன், ஒதுங்க இடமில்லை என்று தண்ணீர் குடிக்காமல் இருக்கிறீர்களா? கரையில் வேலை பார்க்கும் பெண்கள் பலர் அப்படித்தான் இருக்கிறார்கள். நீர்க்கடுப்பும் சிறுநீரகக் கல்லும் வருவதற்கு அது ஒரு முக்கியக் காரணம். பக்கத்து வீட்டில் பேசி வைத்துக்கொண்டாவது ஒதுங்க ஓர் இடத்துக்கு வழி செய்யுங்கள், தண்ணீரைக் குறைக்காதீர்கள். காலையில் நீராகாரம், வெயிலில் நீர்மோர், கிடைக்கும்போது நுங்கு. உங்கள் மாவட்டத்துப் பனைக்கு ஈடு உண்டா! பதநீரும் நல்லதுதான், சர்க்கரை நோய் இருந்தால் மட்டும் தள்ளி வையுங்கள். ரத்தக்கொதிப்பு இருந்தால் கருவாட்டு உப்பிலும் கவனம் தேவை.

நிழலுக்கு வந்த பிறகும் சூடு தணியாமல் தலைசுற்றல், வாந்தி, பேச்சுத் தடுமாற்றம் வந்தால் அது இந்தச் சூடு அல்ல, வெப்பத் தாக்கம். உடம்பில் தண்ணீரை ஊற்றிக் காற்று படவைத்து உடனே 108-ஐக் கூப்பிடச் சொல்லுங்கள்.

மருத்துவரையும் ஒருமுறை பாருங்கள். ராமநாதபுரம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் பெண்கள் நலப் பிரிவு இருக்கிறது. தைராய்டு கூடினாலும் இப்படி வியர்க்கும் என்பதால் அதைப் பரிசோதித்துக்கொள்வது நல்லது. தூக்கம் இந்த அளவுக்குக் கெட்டால் ஹார்மோன் சிகிச்சை பற்றித் தயங்காமல் கேளுங்கள், நன்றாகவே பலன் தரும். மார்பகப் புற்றுநோயோ ரத்தக்கட்டோ வந்தவர்களுக்கு அது ஆகாது, அவர்களுக்கு ஹார்மோன் இல்லாத மாத்திரைகளும் உண்டு. நாட்டு மருந்துக் கடையில் பெயர் தெரியாத பொடியை மட்டும் வாங்கிச் சாப்பிடாதீர்கள்.

அப்புறம், 12 மாதம் முழுதாக வராமல் இருந்தால்தான் தீட்டு நின்றதாகக் கணக்கு. அதுவரை கரு தங்க வாய்ப்பு உண்டு. ஐம்பது வயதுக்குள் நின்றவர்கள் இரண்டு வருடம்வரை கவனமாக இருக்க வேண்டும். நின்றுபோன பிறகு துளி ரத்தம் பட்டாலும் அன்றைக்கே மருத்துவமனைக்குப் போங்கள்.

மாமியாரிடம் கோபம் வேண்டாம். அவர் காலத்தில் அவரிடம் யாரும் கேட்டிருக்கமாட்டார்கள். "உங்களுக்கு எப்படி இருந்தது அத்தை?" என்று ஒருநாள் நீங்களே கேட்டுப் பாருங்கள்.

வீட்டுக்காரரிடம் கண்டிப்பாகச் சொல்லுங்கள். "ராத்திரியில் உடம்பு எரிகிறது, தூங்க முடியவில்லை" என்று சொன்னாலே போதும். விசைப்படகுக்குப் போகிறவர் என்றால் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை தடைக்காலம், கரையில்தான் இருப்பார். உங்கள் வீடு தகரமோ சிமென்ட் ஷீட்டோ போட்டதாக இருந்தால், மேலே ஒரு சாண் இடைவெளி விட்டுத் தென்னங்கிடுகு பரப்பித் தரச் சொல்லுங்கள். அடுப்புப் புகை போகும் பக்கம் மட்டும் வேண்டாம், தீப்பிடிக்கும். படகு இறங்குவதற்குள் அந்த வேலை முடியட்டும்.