தாடியில் இருக்கிறது துக்கம்

கேள்வி: மனைவியை இழந்தவன் மறுபடி காதலிப்பதாக வரும் படங்களில், இடைவேளை முடிந்ததும் துக்கத்திலிருந்து மீண்டு விடுகிறானே, இதை நம்ப முடிகிறதா?

பதில்: 'மீண்டு' என்று எழுதியிருக்கிறீர்கள். நான் அந்தச் சொல்லிலேயே நின்றுவிட்டேன். அடகு வைத்த நகை மீளும். கிணற்றில் விழுந்தவனும் மீளலாம். மீள்வது என்றால் பழைய இடத்துக்குத் திரும்புவது. மனைவி போனபின் அந்தப் பழைய இடம் எங்கே இருக்கிறது, இவன் திரும்பிப் போக? இரங்கல் விளம்பரக்காரர்கள் 'மீளாத் துயரில்' என்று சரியாகத்தான் எழுதுகிறார்கள். தேய்ந்த சொல் என்று நானே எத்தனையோ தடவை அடித்திருக்கிறேன். மன்னிக்கவும்.

சினிமாவில் மீள்வதற்கு ஒரே வழி சவரம். மனைவி இறந்த மறு காட்சியிலேயே தாடி வந்துவிடும். துக்கம் எவ்வளவு என்று அங்குலக் கணக்கில் அளந்துகொள்ளலாம். இரண்டாவது நாயகி ஒரு தடவை சிரித்ததும் கண்ணாடி, நுரை, பிளேடு. நண்பன் பேசியும் தீராத துக்கம், அம்மா அழுதும் தீராத துக்கம், வழவழப்பாகத் தீர்ந்துபோகிறது. இறந்தவளோ பிளாஷ்பேக்கில் சிரித்தபடி ஓடிக்கொண்டே இருக்கிறாள். ஈரத் துண்டைக் கட்டிலில் போட்டதற்காக அவள் ஒரு நாளும் கத்தியதில்லை. கணவனை இழந்தவளுக்குத் தாடி வசதி கிடையாது. உடையில் நிறத்தைக் குறைத்துவிடுவார்கள்.

தொல்காப்பியர் இந்த ஓரவஞ்சனை செய்யவில்லை. காதலியை இழந்தவனுக்குத் தபுதார நிலை, காதலனை இழந்தவளுக்குத் தாபத நிலை என்று இருவருக்கும் பெயர் வைத்தார். தபுதாரன் யார் என்று பத்துப் பேரைக் கேட்டுப் பாருங்கள், தாசில்தார் மாதிரி ஏதோ உத்தியோகம் என்பார்கள். விதவை என்ற சொல்லுக்கு மட்டும் யாரும் அகராதியைத் தேடுவதில்லை.

அப்புறம் நம் விமர்சகர்கள். இந்த மாதிரிப் படம் எது வந்தாலும் 'இரண்டாம் பாதியில் தொய்வு' என்று எழுதிவிடுகிறார்கள். ஐயா, துக்கம் என்பதே இரண்டாம் பாதியின் தொய்வுதான். இன்னொரு கோஷ்டி, மறுப்பு, கோபம், பேரம், சோர்வு, ஏற்பு என்று ஐந்து கட்டம் போட்டுக் கதாநாயகனுக்கு மதிப்பெண் கொடுக்கும். மனநல மருத்துவர் எலிசபெத் குப்ளர்-ராஸ் 1969இல் அந்தக் கட்டங்களை எழுதியது, சாகப்போகிற நோயாளிகளிடம் பேசிப் பார்த்து. பிழைத்துக் கிடப்பவர்களுக்கு அதை நீட்டியது பிற்பாடுதான். முன்பு இதை எழுதியதற்காக ஒரு வாசகர் சந்தாவை நிறுத்தினார். அவர் இன்னும் கோபக் கட்டத்திலேயே இருக்கிறார். ஏற்பு வந்ததும் சந்தாவும் வரும் என்று நம்புகிறேன்.

மனைவி ஜாயை இழந்த எழுத்தாளர் சி.எஸ். லூயிஸைப் பற்றி 1993இல் 'ஷேடோலேண்ட்ஸ்' வந்தது. ஜாய்க்கு நிஜத்தில் இரண்டு மகன்கள், படத்தில் ஒருவன்தான். கூட உட்கார்ந்து அழ ஒரு பிள்ளை போதும் என்று நினைத்தார்கள் போல. ஆனாலும் நல்ல படம், அதில் யாரும் மீளவில்லை.

எனக்குப் பிடித்த ஆள் புறநானூற்றில் (245) இருக்கிறார். சேரமான் கோட்டம்பலத்துத் துஞ்சிய மாக்கோதை. மனைவி சிதையில் கிடக்கிறாள். இந்த நோய் எவ்வளவு பெரிதானால் என்ன, என் உயிரை எடுக்கும் வலு அதற்கு இல்லையே என்கிறார். 'இன்னும் வாழ்வல், என்இதன் பண்பே!' உயிரோடு இருப்பதுதான் அவருக்குக் கூச்சம். ஏழே வரி, தாடி கிடையாது.

சரி, உங்கள் கேள்வி. நம்பலாம். என் நண்பர் ஒருவர் மனைவி இறந்தபின் நான்கு வருடம் கட்டிலின் வலது பக்கத்திலேயே ஒடுங்கிப் படுத்தார். இடது பக்கம் காலியாகக் கிடந்தது, ஒரு புத்தகம்கூட வைக்கவில்லை. பிறகு மறுமணம் செய்துகொண்டார். இப்போது இடது பக்கம் படுக்கிறார்.