மண்ணால் ஆன ஏரிக்கரை எப்படித் தண்ணீரைத் தாங்குகிறது? ஏன் உடைகிறது?

ஓடிவரும் மழைநீரை மறித்து, மண்ணை அடுக்கடுக்காகக் கொட்டி இறுக்கிய மேடுதான் ஏரிக்கரை. ஏரிக்குக் கண்மாய், குளம் என்று ஊருக்கொரு பெயர். தமிழ்நாட்டில் இப்படிச் சுமார் 39,000 இருப்பதாகச் சொல்வார்கள். பாசனத்துக்கு மதகு வழியாகத் தண்ணீர் போகும். ஏரி நிறைந்து மிஞ்சுவது, கரையைவிடத் தாழ்வாகக் கட்டிய கலங்கல் வழியாக வெளியேறும். சுற்றுவட்டாரக் கிணறுகளில் நீர் ஊறுவதும் இந்த ஏரியால்தான்.

கரையை நிற்க வைப்பது அதன் எடையும் மண்ணின் இறுக்கமும். கெடுப்பது இரண்டு. ஒன்று, தண்ணீர் கரைக்கு மேலே வழிவது. மண் அதைத் தாங்காது, சீக்கிரமே அரித்துக்கொண்டு போய்விடும். 2023 டிசம்பரில் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் சுமார் 95 செ.மீ. மழை கொட்டியபோது தூத்துக்குடி மாவட்டத்தில் பல குளங்கள் உடைந்தன.

இன்னொன்று உள்ளுக்குள்ளேயே நடப்பது. வயல் வரப்பில் ஒரு நண்டு வளை வழியாகத் தண்ணீர் கசிந்து, விடிவதற்குள் வரப்பே போய்விடும் இல்லையா, அதேதான் இங்கும். எலி வளை, பட்டுப்போன மரத்தின் வேர் மக்கிய துளை, மதகை ஒட்டிய இடுக்கு, எது வழியாகவும் இது தொடங்கலாம். கரையடியில் தெளிந்த நீர் லேசாகக் கசிந்தால் கவனித்து வரலாம். கலங்கிய நீராக, மண்ணோடு வந்தால் தாமதிக்காமல் நீர்வளத்துறைக்கோ ஊராட்சிக்கோ சொல்லுங்கள், கீழே குடியிருப்பவர்களையும் எச்சரியுங்கள்.

கலங்கலில் மணல் மூட்டை அடுக்கினால் கூடுதல் தண்ணீர் லாபம் என்று பலர் நினைக்கிறார்கள். உண்மையில் அடுத்த பெருமழைக்கு இருந்த ஒரே வழியை அடைத்துவிட்டு, வெள்ளத்தைக் கரைமேல் ஏற்றிவிடுகிறோம்.