லாந்தானாவைக் கழட்டிவிட்டு ஆவாரை வையுங்கள்

மதுரையில் காம்பவுண்டை ஒட்டிப் பத்தடி அகல மண், பட்டாம்பூச்சி வர லாந்தானா வைக்கலாமா, நம்மூர்ச் செடி வைத்தால் புதர் மாதிரி ஆகிவிடுமா என்று கேட்டிருந்தீர்கள். லாந்தானா வேண்டவே வேண்டாம் சார். உண்ணிச்செடி என்று நம் காடுகளை அடைத்துக்கொண்டு கிடப்பது அதுதான், பூவில் தேன் உண்டே தவிர நம்மூர்ப் பட்டாம்பூச்சியின் புழுக்களுக்கு அதில் சாப்பாடு கிடையாது.

பூவை மட்டும் பார்க்காதீர்கள், புழு தின்னும் இலையையும் பாருங்கள். சுவரோரம் ஆவாரை, வெயிலுக்கு அசராது, பூத்து முடிந்ததும் கவாத்து செய்தால் (கிளைகளை வெட்டிவிட்டால்) அடர்த்தியாக அழகாக நிற்கும். ஒரு மூலையில் எருக்கு (பால் கண்ணில் படக்கூடாது, குழந்தைகள் இருந்தால் எட்டவே வையுங்கள்), முன்னால் இட்லிப்பூ, அதற்கும் முன்னால் தும்பை. கறிவேப்பிலை கட்டாயம். அதன் இலைமேல் பறவை எச்சம் போல ஒன்று ஒட்டியிருந்தால் தட்டிவிடாதீர்கள், எலுமிச்சை அழகி போன்ற பட்டாம்பூச்சியின் இளம்புழு அது, வளர்ந்தால் பச்சையாகிவிடும். நாலு கொப்பு மொட்டையானாலும் மறுபடி துளிர்க்கும், மருந்து மட்டும் அடிக்காதீர்கள்.

புதர் மாதிரி தெரிவதற்குக் காரணம் செடி இல்லை, ஓரம் இல்லாததுதான். ஒரே செடியை மூன்று நான்காகச் சேர்த்து நட்டு, முன்விளிம்பில் செங்கல் வரிசை போட்டுவிடுங்கள், பார்ப்பவர்களுக்கு வேண்டுமென்றே வைத்த தோட்டம் என்று புரியும். அப்புறம் ஆழமில்லாத மண்தட்டில் தண்ணீர், கொசு வராமல் தினமும் மாற்றுங்கள். நடுவதை மட்டும் ஐப்பசி மழைக்கு முன்னால் முடித்துவிடுங்கள்.