செவ்வாய்க் கோளில் நாற்று விட முடியுமா என்று கேட்கும் மகள்: ஒரு தந்தைக்குக் கடிதம்

அன்புள்ள ஐயா, வணக்கம்.

சென்ற சனிக்கிழமை மன்னார்குடியில் நடந்த உயர்கல்வி வழிகாட்டி முகாமில் உங்களுக்குப் பின்னால் நீண்ட வரிசை நின்றிருந்ததால், நீங்கள் கேட்டதற்கு நான் அரைகுறையாகத்தான் பதில் சொன்னேன். "நல்லாப் படிக்கிற புள்ளதான் சார், ஆனா ராத்திரியானா மாடியில படுத்துக்கிட்டு நட்சத்திரத்தப் பாக்குது, வேற்றுக்கிரகத்துல ஆள் இருக்கான்னு போன்ல வீடியோ பாக்குது, இது எங்க போயி முடியும்?" என்று நீங்கள் கேட்டீர்கள். நர்சிங் அல்லது ஆசிரியர் பயிற்சி என்று ஏதாவது உறுதியான வழியில் அவளைச் சேர்த்துவிட வேண்டும் என்ற உங்கள் விருப்பத்தில் குறை காண எதுவுமில்லை. இரண்டு ஏக்கர் நிலத்தை நம்பி, மேட்டூர் எப்போது திறக்கும் என்று பார்த்துக் குறுவை போடுகிற ஒரு குடும்பத்துக்கு, மாதம் பிறந்தால் வரும் சம்பளத்தின் அருமை தெரியும். ஆயினும் நீங்கள் முடிவெடுக்கும் முன், உங்கள் மகள் என்னிடம் நீட்டிய நாற்பது பக்க நோட்டில் நான் கண்டதைச் சொல்லியாக வேண்டும்.

அந்த நோட்டின் முதல் பாதி முழுவதும் மர்மங்கள். பிரமிடுகளைக் கட்டியவர் யார், பறக்கும் தட்டு உண்மையா, 1977-இல் விண்ணிலிருந்து வந்த சமிக்ஞையை அனுப்பியது யார் என்பன போன்ற கேள்விகள். நீங்கள் அஞ்சுவது இந்தப் பகுதியைத்தான் என்று நினைக்கிறேன். ஒரே ஒரு எடுத்துக்காட்டை எடுத்துக்கொள்வோம். 1977 ஆகஸ்ட் 15 அன்று அமெரிக்காவின் ஒஹாயோவில் இருந்த பிக் இயர் என்னும் ரேடியோ தொலைநோக்கி, வலுவான சமிக்ஞை ஒன்றை 72 நொடிகள் பதிவு செய்தது. சில நாள் கழித்துக் கணினி அச்சிட்ட தாளில் அதைக் கண்ட வானியலாளர் ஜெர்ரி எஹ்மான் ஓரத்தில் "வாவ்" என்று எழுதினார்; அதுவே அதன் பெயராகிவிட்டது. பிறகு பலமுறை தேடியும் அது மீண்டும் கிடைக்கவில்லை. வீடியோக்கள் பெரும்பாலும் இந்த இடத்தில் நின்றுவிடுகின்றன. ஏன் 72 நொடி என்பதை அவை சொல்வதில்லை. அந்தத் தொலைநோக்கி வானில் ஒரு பொருளைத் தொடர்ந்து திரும்பிப் பார்க்கக் கூடியதன்று. பூமி சுழலும்போது, அதன் பார்வையை வானத்தின் ஒரு புள்ளி கடந்து போக ஏறத்தாழ அவ்வளவு நேரம்தான் ஆகும். ஆகவே 72 நொடி என்பது தொலைநோக்கியின் பார்வை எவ்வளவு அகலம் என்பதைச் சொல்கிறதே தவிர, சமிக்ஞை எவ்வளவு நேரம் நீடித்தது என்பதைச் சொல்லவில்லை. உங்கள் மகளிடம் இதைச் சொன்னபோது அவள் ஏமாற்றமடையவில்லை. "அப்ப தொலைநோக்கிய அகலமா வச்சிருந்தா இன்னும் நேரம் தெரிஞ்சிருக்குமா?" என்று உடனே கேட்டாள். ஐயா, நான் இருபது ஆண்டுகளுக்கும் மேலாகப் பிள்ளைகளிடம் பேசி வருகிறேன். மர்மம் கலைந்ததும் ஆர்வம் குறைந்துவிடுகிற பிள்ளைகளை நிறையப் பார்த்திருக்கிறேன். கலைந்த இடத்திலிருந்து அடுத்த கேள்வியைக் கேட்கிற பிள்ளை அரிது.

அப்படி அடுத்த கேள்வியைக் கேட்ட ஒருவரைச் சொல்கிறேன். 1967-இல் கேம்பிரிட்ஜில் ஆராய்ச்சி மாணவியாக இருந்த ஜோசலின் பெல், ஏறத்தாழ 1.33 நொடிக்கு ஒருமுறை தவறாமல் துடிக்கும் ஒரு சமிக்ஞையைக் கண்டபோது, அங்கிருந்தவர்கள் விளையாட்டாக அதற்கு "பச்சை மனிதர்கள்" என்ற பொருள்படப் பெயரிட்டார்கள். அவர் அத்துடன் விட்டுவிடாமல் பதிவுத் தாள்களை அடி அடியாகப் பார்த்து, வானத்தின் வேறொரு திசையிலும் அதே போன்ற துடிப்பைக் கண்டுபிடித்தார். இரு வேறு மூலைகளிலிருந்து வேற்றுலகத்தார் ஒரே மாதிரி நம்மை அழைப்பார்கள் என்று நினைக்க இயலாது அல்லவா? அவை வேகமாகச் சுழலும் நியூட்ரான் விண்மீன்கள் (வெடித்த பெரிய விண்மீன்களின் சுருங்கி இறுகிய மிச்சம்) என்பது பின்னர் தெளிவாயிற்று. எனவே வீடியோ பார்ப்பதைத் தடுக்க வேண்டாம், ஒவ்வொரு வீடியோ முடிந்ததும் "இதை எதைக் கொண்டு அளந்தார்கள்?" என்ற ஒரே கேள்வியை நோட்டில் எழுதச் சொல்லுங்கள். பறக்கும் தட்டுகளைப் பற்றி நாசா அமைத்த தனிக் குழுவும் 2023-இல் வேற்றுலகச் சான்று எதுவும் கிடைக்கவில்லை என்றும், நம்பத்தக்க அளவீடுகள் தேவை என்றும்தான் சொன்னது.

இனி நோட்டின் இரண்டாம் பாதிக்கு வருகிறேன். அதுதான் என்னை இந்தக் கடிதம் எழுத வைத்தது. அங்கே கேள்விகளின் தன்மையே மாறிவிடுகிறது. "செவ்வாயில் நாற்று விட முடியுமா? அங்கே தண்ணீர் கட்டி நிற்குமா? மண்ணில் உப்பு இருந்தால் நம்ம ஊர் மாதிரி அலசி விடலாமா?" என்று வரிசையாக எழுதியிருக்கிறாள். மனித இனம் வேறு கோளில் வாழ முடியுமா என்று உலகமெங்கும் பேசுகிறவர்களில் பலர் ராக்கெட்டைப் பற்றியே பேசுகிறார்கள். போய்ச் சேர்ந்த பிறகு என்ன சாப்பிடுவது என்று அவள் கேட்கிறாள். இது வயலில் வளர்ந்த பிள்ளையின் கேள்வி.

அவளுடைய கேள்வி வெறும் கற்பனை என்று நீங்கள் நினைக்கக் கூடாது என்பதற்காகச் சில செய்திகளைச் சொல்கிறேன். 2024 டிசம்பர் 30 அன்று இஸ்ரோ ஏவிய பிஎஸ்எல்வி ராக்கெட்டின் கடைசிக் கட்டத்தில் எட்டுக் காராமணி விதைகளை ஒரு சிறு பெட்டியில் வைத்து அனுப்பினார்கள்; அவை நான்கே நாளில் முளைத்தன, பிறகு இலையும் விட்டன. 2022-இல் சீனர்கள் தங்கள் விண்வெளி நிலையத்தில் 120 நாட்களில் நெல்லை விதையிலிருந்து மீண்டும் விதை வரை வளர்த்துப் பூமிக்குக் கொண்டுவந்தார்கள். 120 நாள் என்பது நீங்கள் நாள்தோறும் பழகுகிற கணக்கு. 2025-இல் பன்னாட்டு விண்வெளி நிலையத்துக்குச் சென்ற நம் நாட்டு வீரர் சுபான்ஷு சுக்லா அங்கே பச்சைப்பயறும் வெந்தயமும் முளைகட்டிப் பார்த்தார். சம்பா அறுப்புக்கு ஒரு வாரம் முன்னதாக, நிற்கும் பயிருக்குள்ளேயே உளுந்தும் பயறும் தெளிக்கிற உங்கள் வீட்டில், ஈரம் எவ்வளவு இருந்தால் எத்தனை நாளில் முளைக்கும் என்பதை உங்கள் மகள் யாரிடமும் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டியதில்லை.

உப்பு பற்றிய அவளுடைய கேள்வியோ இன்னும் ஆழமானது. 2008-இல் செவ்வாயில் இறங்கிய பீனிக்ஸ் கலம் அங்குள்ள மண்ணில் பெர்குளோரேட் என்னும் உப்பு இருப்பதைக் கண்டது. அது மனித உடலுக்கும் கேடு, பயிருக்கும் கேடு; ஆனால் நீரில் எளிதாகக் கரையக் கூடியது. ஆகவே மண்ணை நீரால் அலசி அதை நீக்கலாமா என்று ஆராய்ச்சியாளர்கள் உண்மையாகவே ஆராய்ந்து வருகிறார்கள். 2004 சுனாமிக்குப் பிறகு நாகப்பட்டினம் மாவட்டத்தின் கடலோர வயல்களில் என்ன செய்தார்கள் என்பதை நீங்களே பார்த்திருப்பீர்கள். மழைநீரைக் கட்டி வைத்து வடித்தார்கள், தக்கைப்பூண்டு விதைத்து மடக்கி உழுதார்கள், உவர் தாங்கும் நெல்லைப் போட்டுப் பார்த்தார்கள். கடலூர் முதல் கோடிக்கரை வரை மக்கள் பட்ட அந்தத் துன்பத்திலிருந்து கிடைத்த அறிவு, உங்கள் மகளின் நோட்டில் ஒரு கேள்வியாக வந்து நிற்கிறது. இந்தப் பிள்ளையை வானத்தைப் பார்க்காதே என்று சொல்வதற்கு எனக்கு மனம் வரவில்லை.

"விண்வெளிக்கும் நமக்கும் என்ன சம்பந்தம்?" என்றும் கேட்டீர்கள். 2018 நவம்பர் 16 அதிகாலை கஜா புயல் வேதாரண்யம் அருகே கரையைக் கடந்தபோது, அது வரும் வழியைச் செயற்கைக்கோள்களும் காரைக்கால் ரேடாரும் காட்டிக்கொண்டிருந்தன. தென்னைகளைக் காப்பாற்ற முடியவில்லை. முன்கூட்டியே முகாம்களுக்கு மாற்றப்பட்ட மக்களைக் காப்பாற்ற முடிந்தது. இப்போது மேகம் மூடியிருக்கும் போதும் வயலில் நெல் நிற்கிறதா என்று பார்க்கக் கூடிய ரேடார் செயற்கைக்கோள்கள் வந்துவிட்டன. பயிர்க் காப்பீட்டுக் கணக்கிலும் அந்தத் தரவு பயன்படுகிறது. இவற்றைப் படித்துப் பொருள் சொல்வதற்கும் ஆட்கள் தேவைப்படுகிறார்கள், அவர்களுக்கும் சம்பளம் தருகிறார்கள்.

படிப்பு விஷயத்தில் இப்போது உடனடியாக முடிவு செய்ய வேண்டியது எதுவும் இல்லை. அவள் ஒன்பதாம் வகுப்பில் இருக்கிறாள். பதினொன்றாம் வகுப்பில் கணிதமும் உயிரியலும் சேர்ந்த முதல் குரூப்பை எடுக்கச் செய்யுங்கள். இதை மட்டும் நான் வற்புறுத்திச் சொல்வேன். கணிதத்தை விட்டால் பொறியியலும் இயற்பியலும் ஏறக்குறைய மூடிக்கொள்ளும். உயிரியலை விட்டால் பயிர் பற்றிய அவளுடைய கேள்விக்கான நேர்வழி குறுகிவிடும். நீங்கள் நினைக்கும் நர்சிங்குக்கும் இந்தக் குரூப் தடையாக இருக்காது. அடுத்த ஆண்டின் தொடக்க மாதங்களில் பள்ளிப் பிள்ளைகளுக்கு விண்வெளி அறிவியலை அறிமுகப்படுத்தும் இஸ்ரோவின் யுவிகா பயிற்சிக்கு அறிவிப்பு வரும். அது ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு மட்டுமே உரியது. கிராமப்புறப் பள்ளி மாணவர்களுக்கு முன்னுரிமை உண்டு. தேர்வானால் தங்கும் செலவையும் உணவுச் செலவையும் அவர்களே ஏற்றுக்கொள்கிறார்கள். இந்த ஓர் ஆண்டை விட்டால் அந்த வாய்ப்பு திரும்ப வராது.

பிளஸ் டூவுக்குப் பிறகு பாதைகள் பிரியும். வானியல்தான் வேண்டும் என்றால் நேர்மையாகச் சொல்கிறேன், அது நீண்ட வழி. இளநிலையும் முதுநிலையும் சேர்ந்து ஐந்து ஆண்டு, அதற்குப் பின் முனைவர் பட்டத்துக்கு இன்னும் ஐந்து ஆண்டு ஆகும். ஆனால் நெட் என்னும் தேசியத் தகுதித் தேர்வில் உதவித்தொகைக்குத் தகுதி பெற்றுவிட்டால், ஆராய்ச்சி செய்யும் காலத்திலேயே தொடக்கத்தில் மாதம் 37,000 ரூபாய் கிடைக்கும் என்பதைப் பெற்றோர் பலர் அறிவதில்லை. திருவனந்தபுரத்தில் விண்வெளிக்கென்றே உள்ள ஐஐஎஸ்டி நிறுவனத்தில் சேர, ஐஐடிகளுக்கான நுழைவுத் தேர்வான ஜேஇஇ அட்வான்ஸ்டு மதிப்பெண் வேண்டும். அதற்காக நகையை அடகு வைத்தோ, நிலத்தை ஒற்றிக்கு விட்டோ வெளியூர்ப் பயிற்சி மையத்தில் சேர்க்காதீர்கள். அப்படிச் செய்து, தேர்வில் தேறாமல், கடனும் குற்ற உணர்வுமாகத் திரும்பி வந்த பிள்ளைகளை இதே மாவட்டத்தில் பார்த்திருக்கிறேன்.

இஸ்ரோவுக்கு அந்த ஒரு வாசல் மட்டும் இல்லை. பொறியியல் பட்டம் பெற்றவர்களைத் தேர்வு வைத்து எடுக்கிறார்கள். அப்பணியின் அடிப்படைச் சம்பளம் 56,100 ரூபாயில் தொடங்குகிறது. டிப்ளமோ படித்தவர்களுக்கும் ஐடிஐ முடித்தவர்களுக்கும் அங்கே தனிப் பணியிடங்கள் உண்டு. 2023 ஆகஸ்ட் 23 அன்று சந்திரயான்-3 நிலவில் இறங்கியபோது அதன் திட்ட இயக்குநராக இருந்த வீரமுத்துவேல், விழுப்புரத்தில் டிப்ளமோவில்தான் தொடங்கினார். சூரியனை ஆராயும் ஆதித்யா-எல்1 திட்டத்தை நடத்திய நிகர் ஷாஜி செங்கோட்டையில் பிறந்து, திருநெல்வேலி அரசுப் பொறியியல் கல்லூரியில் படித்தவர்.

ஆனால் அவளுடைய நோட்டைப் படித்த பிறகு எனக்கு மிகப் பொருத்தமாகத் தோன்றுவது வேளாண் அறிவியல்தான். கீழ்வேளூரிலும் ஈச்சங்கோட்டையிலும் அரசு வேளாண் கல்லூரிகள் உள்ளன. ஆடுதுறையில் நூறாண்டு கடந்த நெல் ஆராய்ச்சி நிலையம் இருக்கிறது. வீட்டிலிருந்து பேருந்தில் போய்வரும் தொலைவு. அங்கே பயிர் உடலியலோ மண்ணியலோ படித்து, மேற்படிப்பில் விண்வெளிப் பயிர் ஆராய்ச்சிக்குத் திரும்பலாம். திரும்பாவிட்டாலும் வேளாண் அலுவலர் பணியோ வங்கிப் பணியோ கைக்கெட்டும் தொலைவில் இருக்கும். உங்கள் அச்சத்துக்கும் அவளுடைய ஆசைக்கும் ஒருசேர இடமிருக்கும் வழி இதுவே என்பது என் கருத்து. ஆறாம் வகுப்பு முதல் அரசுப் பள்ளியிலேயே படித்து வருவதால், பொறியியலுக்கும் வேளாண்மைக்கும் 7.5 விழுக்காடு உள் ஒதுக்கீட்டில் அவள் விண்ணப்பிக்கலாம். புதுமைப்பெண் திட்டத்தில் மாதம் 1,000 ரூபாயும் உண்டு. பன்னிரண்டாம் வகுப்பு வரை பள்ளியை மாற்றிவிடாதீர்கள்.

அவளிடம் நான் கண்டித்துச் சொன்ன ஒன்றை நீங்களும் சொல்ல வேண்டும். கணக்கில் தொண்ணூற்றெட்டு வாங்குகிறவள் ஆங்கிலத்தில் நாற்பத்திரண்டு வாங்கியிருக்கிறாள். கும்பகோணத்தில் படித்த இராமானுஜன் கணக்கைத் தவிர மற்றப் பாடங்களைக் கவனிக்காமல் விட்டதால், அங்குள்ள அரசுக் கல்லூரியில் தமக்குக் கிடைத்த உதவித்தொகையை இழந்தார். அத்தனை பெரிய அறிவுக்கே அந்தத் தடை வந்தது; நம் பிள்ளைக்கு அது வர விட வேண்டாம். அறிவியல் ஆய்வுகளில் மிகப் பெரும்பாலானவை ஆங்கிலத்தில் இருப்பதால், அவளுடைய கேள்விகளுக்கு விடை தேடவே அந்த மொழி அவளுக்குத் தேவைப்படும்.

தொலைநோக்கி வாங்கித் தர வேண்டுமா என்று கேட்டீர்கள். இப்போது வேண்டாம். அதற்குப் பதிலாகப் பத்து மண்தொட்டிகள் கொடுங்கள். வயல் மண்ணை நிரப்பி, ஒவ்வொன்றிலும் வெவ்வேறு அளவு உப்பைக் கலந்து, பச்சைப்பயறு ஊன்றி, எது எத்தனை நாளில் முளைக்கிறது, எது கருகுகிறது, நீரால் அலசிய தொட்டியில் என்ன ஆகிறது என்று நாள்தோறும் எழுதட்டும். உப்பு கலக்காத தொட்டி ஒன்று கட்டாயம் இருக்க வேண்டும். அதை ஏன் வைக்கிறோம் என்பதை அவளையே யோசிக்கச் சொல்லியிருக்கிறேன். எந்த மண்ணுக்கு எவ்வளவு நீர் என்பதில் அவளுக்கு ஐயம் வந்தால், அதற்கு என்னைவிட நீங்களே சரியாகப் பதில் சொல்வீர்கள்.

குறுவை நடவு முடிந்து உங்களுக்கு ஓய்வு கிடைக்கும் ஒரு ஞாயிற்றுக்கிழமையில் இருவரும் வாருங்கள். தொட்டிகளின் கணக்கு எழுதிய நோட்டையும், ஒன்பதாம் வகுப்பு முதல் இடைத்தேர்வின் மதிப்பெண் தாளையும் மறவாமல் கொண்டு வரச் சொல்லுங்கள்.

அன்புடன்,
உங்கள் ஊர்ப் பக்கத்துக் கல்வி ஆலோசகர்