பலாலி: ஓடுபாதை எவ்வளவு, வேலி எவ்வளவு?

கேள்வி: யாழ்ப்பாணத்தில் உள்ள பலாலி விமானத் தளம் இரண்டாம் உலகப் போரிலேயே பிரித்தானியர் அமைத்தது. தளத்தைச் சுற்றிக் குடியிருந்தவர்கள் இப்போது காணியைத் திருப்பிக் கேட்பது நியாயமா? சென்னைக்கு விமானம் பறக்கிறது. விரிவாக்கத்துக்கு நிலம் வேண்டாமா? – வாசகர் ஒருவர், கொழும்பு

பதில்: ஊர் முந்தியது, தளம் பிந்தியது. தளத்தை ஒட்டிய வசாவிளானிலும் மயிலிட்டியிலும் உள்ள காணிகள் பிரித்தானிய விமானப்படை வருவதற்குத் தலைமுறைகள் முன்பே உறுதி (உரிமைப் பத்திரம்) எழுதிக் கைமாறியவை. உலகப் போர் முடிந்ததும் அந்த ஓடுபாதை மக்களுக்குத்தான் பயன்பட்டது. 1947 டிசெம்பர் 10 அன்று இலங்கையின் அன்றைய விமான நிறுவனமான எயார் சிலோனின் முதல் விமானம் இரத்மலானையில் புறப்பட்டு, பலாலியில் இறங்கி, சென்னைக்குப் போனது. பின்னாளில் திருச்சிக்கும் போய்வந்தார்கள். அக்காலம் முழுக்க ஓடுபாதையைச் சுற்றியிருந்த செம்மண்ணில் வெங்காயமும் புகையிலையும் விளைந்தன. விமானம் இறங்குவதற்காக ஊர்கள் முழுதாகக் காலியாகவில்லை.

காலி செய்ய வைத்தது 1990 ஜூனில் மீண்டும் மூண்ட போர். பலாலியும் சுற்றியுள்ள ஊர்களும் அடங்கிய வலிகாமம் வடக்கு, மக்கள் நுழைய முடியாத இராணுவ உயர் பாதுகாப்பு வலயமானது. நாலு நாளில் திரும்பலாம் என்று கதவைப் பூட்டிவிட்டு வந்தவர்களில் பலர் மல்லாகத்திலும் சுன்னாகத்திலும் நலன்புரி முகாம்களில் கால் நூற்றாண்டைக் கழித்தார்கள். சைக்கிளில் போகும் தூரத்தில் சொந்தக் கிணறு, போக வழியில்லை. மயிலிட்டி மீனவர்களுக்குத் துறைமுகம் திரும்பக் கிடைத்ததே 2017 ஜூலையில்தான்.

இனி உங்கள் விரிவாக்கக் கேள்வி. போர் முடிந்து நாலு ஆண்டு கழித்து, 2013இல், சுவீகரிக்கப் போவதாக அரசு அறிவித்தல் ஒட்டியது 6,381 ஏக்கருக்கு. ஏறத்தாழ 26 சதுர கிலோமீற்றர்! ஓடுபாதையின் நீளமோ 2,300 மீற்றர் அளவுதான். மிச்சத்தில் என்ன நடந்தது? படையினர் தோட்டம் செய்தார்கள், காங்கேசன்துறைக் கடற்கரையில் உல்லாச விடுதி நடத்தினார்கள். கத்தரியும் விடுதியும் எந்த விமானத்துக்கு வேண்டும்?

2019 ஒக்டோபர் 17 அன்று சர்வதேச விமான நிலையம் திறந்ததை மனமார வரவேற்றேன், இன்றும் வரவேற்கிறேன். கொரோனாவில் நின்ற சேவை 2022 டிசெம்பரில் மீண்டும் தொடங்கியது; சென்னைக்குக் கொழும்பைச் சுற்றிப் போகும் அலைச்சல் பலருக்குக் குறைந்தது. ஆனால் அதே பலாலியில் வசாவிளான் வீதி 2025 ஏப்ரலில் எப்படித் திறக்கப்பட்டது தெரியுமா? காலை 6 முதல் மாலை 5 வரை மட்டும், நடந்து போகக்கூடாது, இடையில் வாகனத்தை நிறுத்தக்கூடாது, படம் எடுக்கக்கூடாது. சொந்த வளவை ஓடும் பஸ்ஸின் யன்னலால் பார்த்துக்கொண்டு போக வேண்டியிருந்தது. இதற்கும் விமானப் பாதுகாப்புக்கும் என்ன தொடர்பு?

விமான நிலையத்துக்கு எத்தனை ஏக்கர் தேவை என்பதை அதிகாரிகள் வரைபடம் போட்டு வெளியிடட்டும். அந்த அளவுக்கு உரிமையாளரோடு பேசி, சந்தை விலை கொடுத்து வாங்கட்டும். மற்றதை உறுதி வைத்திருப்பவர் கையில் கொடுக்க வேண்டும், வீதியை நிபந்தனையில்லாமல் திறக்க வேண்டும்.